செம்மணியில் புதைக்கப்பட்ட மாணவி கிருசாந்தி



தென்காசியில் நாம் குற்றாலச் சாரலை அனுபவிக்கும் ஜூலை மாதத்தின் 3ஆம் நாள், காயங்களைத் தொட்டுப் பார்க்க விரும்பிய புனித தோமையாரின் திருநாள். 1998இல் அதே நாளில்தான் கொழும்பு உயர்நீதிமன்றம் ஒரு மாணவியின் கொலை வழக்கில் தீர்ப்பு வழங்கியது. அவர் பெயர் கிருசாந்தி குமாரசுவாமி.

யாழ்ப்பாணத்தை அடுத்த கைதடி அவரது ஊர். சுண்டிக்குளி மகளிர் கல்லூரியில் உயர்தர வகுப்பில் படித்தார். 1995 இறுதியில் யாழ் நகர் இலங்கை இராணுவத்தின் வசமான பிறகு, எங்கும் சோதனைச்சாவடிகள். 1996 செப்டம்பர் 7 அன்று வேதியியல் தேர்வு எழுதினார். இராணுவ வாகனம் மோதி இறந்த பள்ளித்தோழிக்கு அஞ்சலி செலுத்திவிட்டு மிதிவண்டியில் வீடு திரும்பியவரைச் செம்மணிச் சாவடியில் பிடித்து வைத்தார்கள். அப்போது வயது 18.

மகளைக் காணாமல் ஆசிரியையான தாய் இராசம்மா தேடிப் போனார். தம்பி பிரணவனும் அயலவர் கிருபாமூர்த்தியும் உடன் சென்றார்கள். சாவடிக்குப் போய்க் கேட்டதே அவர்கள் செய்த குற்றம்! கிருசாந்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். தேடிச் சென்ற மூவரும் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில்தான் நால்வரின் உடல்களும் தோண்டி எடுக்கப்பட்டன.

வழக்கு நடந்ததே பெரிய காரியம். வழக்கறிஞர் குமார் பொன்னம்பலம் போன்றோர் இதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார்கள். (அவரும் 2000 ஜனவரியில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்.) மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1976க்குப் பின் அந்நாட்டில் யாரும் தூக்கிலிடப்படாததால், அது நடைமுறையில் சிறைத்தண்டனையே. 2004இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது.

ஆனால் தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச என்ற படைவீரர், செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்திலேயே சொன்னார். மேலதிகாரிகளையும் குறிப்பிட்டார். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. அந்த அதிகாரிகளில் எவரும் தண்டிக்கப்படவில்லை. போஸ்னியாவில் சிரெப்ரெனிகா படுகொலைக்குப் பொறுப்பான தளபதி மிலாடிச், 16 ஆண்டுகள் கழிந்தும் 2011இல் பிடிபட்டார். 2017இல் பன்னாட்டு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை வழங்கியது. அங்கே தளபதிவரை எட்டிய சட்டத்தின் கை, இங்கே சாவடிக் காவலர்களோடு நின்றுவிட்டது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் இலங்கை சேரவில்லை. நம் இந்தியாவும் சேரவில்லை.

2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் மீண்டும் மண்ணைத் தோண்டினார்கள். 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. குழந்தைகளின் எலும்புகளும் இருந்தன. அருகே நீலநிறப் பள்ளிப்பை ஒன்றும் கிடைத்தது.