உடைக்கும், திருடும், ஓடிப்போகும் குழந்தைகள்... அவர்கள் தேடுவது என்ன? யார் இந்த டாக்டர் வின்னிகாட்?

கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிப் போட்டு உடைக்கும் பையன். ஸ்கூலில் அடுத்தவர் பையில் இருந்து பணம் எடுத்துவிட்டு, எடுக்கவே இல்லை என்று சாதிக்கும் பொண்ணு. நாலு போடு போட்டா சரியாகிடும் என்பார்கள் சிலர். வளர்ப்பு சரியில்லை என்பார்கள் வேறு சிலர். இந்த இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, அந்தக் குழந்தை எதையோ தேடுகிறது, அது என்ன என்று பார்ப்போம் என்றவர் பிரிட்டனைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவர் டொனால்ட் வின்னிகாட். யார் இவர்?

மூக்கு நசுங்கிய பொம்மை

1896 ஏப்ரல் 7-ம் தேதி, இங்கிலாந்தின் பிளைமவுத் துறைமுக நகரில் பிறந்தார். அப்பா வசதியான வியாபாரி, ஊருக்கு மேயராகவும் இருந்தவர். இரண்டு அக்காக்களுக்குப் பிறகு வந்த கடைக்குட்டி டொனால்ட்.

அக்காவிடம் ரோஸி என்று ஒரு மெழுகு பொம்மை இருந்தது. அந்தப் பொம்மையையும் தம்பியையும் சேர்த்து வைத்து அப்பா பாட்டுப் பாடிக் கிண்டல் செய்வார். மூன்று வயது டொனால்டுக்கு ஒருநாள் பொறுக்க முடியவில்லை. மரச்சுத்தியலை எடுத்து பொம்மையின் முகத்தைத் தட்டையாக்கிவிட்டான். அப்பா என்ன செய்தார் தெரியுமா? தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகக் கொளுத்தி, மெழுகை இளக்கி, அதை மறுபடியும் முகமாக்கினார். தான் நிஜமாகவே ஒரு முரட்டுக் காரியம் செய்ததும், அது சரிசெய்யப்பட்டதும் தன் மனதில் ஆழமாகப் பதிந்துபோனதாக, பெரியவரான பிறகு வின்னிகாட் எழுதியிருக்கிறார்.

பிறகு கேம்பிரிட்ஜில் விடுதிப் பள்ளி. அங்கே விளையாடும்போது தோள்பட்டை எலும்பு முறிந்தது. அடிபடும்போதெல்லாம் டாக்டரை நம்பி இருப்பதற்கு நாமே டாக்டராகிவிடலாமே என்று அப்போது தோன்றியதாம். முதல் உலகப் போரில் கடற்படைக் கப்பலில் வேலை, 1920-ல் மருத்துவத் தகுதி. 1923-ல் லண்டன் பேடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தவர், அடுத்த 40 வருஷம் அங்கேதான்.

போர் கொண்டுவந்த குழந்தைகள்

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. குண்டுவீச்சுக்குப் பயந்து நகரத்துக் குழந்தைகளை லட்சக்கணக்கில் கிராமங்களுக்கு அனுப்பியது பிரிட்டன் அரசு. சின்னக் குழந்தைகளை அம்மாவிடமிருந்து இப்படிப் பிரித்தால் பின்னால் அது சட்டத்தை மீறும் நடத்தையாகக்கூட மாறலாம் என்று எச்சரித்து, அந்த டிசம்பரிலேயே மருத்துவ இதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார்கள் மூன்று மருத்துவர்கள். அவர்களில் ஒருவர் வின்னிகாட். இன்னொருவர், பிற்பாடு தாய்-சேய் பிணைப்பு பற்றிய ஆய்வுகளால் உலகப் புகழ் பெற்ற ஜான் பௌல்பி.

பயந்தது நடந்தது. எந்த வீட்டிலும் நிலைக்காத குழந்தைகள் ஆக்ஸ்போர்டுஷயர் ஹாஸ்டல்களுக்கு வந்து சேர்ந்தார்கள். படுக்கையை நனைப்பது, கும்பலாகத் திருடுவது, வைக்கோல் போருக்குத் தீ வைப்பது, ஓடிப்போவது என்று புகார்ப் பட்டியல் நீளம். வாராவாரம் அங்கே போன வின்னிகாட், தன்னுடைய மனோதத்துவப் பேச்சு அங்கே பெரிதாக எடுபடவில்லை என்பதைப் புரிந்துகொண்டார். நேரத்துக்கு வரும் சாப்பாடு, சமையல்காரர், சுவர், கூரை, கத்தினாலும் ஓடிப்போகாத ஊழியர்கள்... இவைதான் வைத்தியம் செய்துகொண்டிருந்தன. அங்கே சமூகப் பணியாளராக இருந்த கிளேர் பிரிட்டனை 1951-ல் மணந்துகொண்டார். இது அவருக்கு இரண்டாவது திருமணம்.

வாசலில் ஒரு காலிங் பெல்

அந்த ஹாஸ்டலுக்கு வந்தவன்தான் அந்த ஒன்பது வயதுப் பையன். ஆறு வயதில் இருந்தே வீட்டை விட்டு ஓடிப் பழகியவன். ஹாஸ்டலில் இருந்தும் ஓடினான், வின்னிகாட்டின் வீட்டுக்குப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் வந்து நின்றான். அப்போதைய மனைவி ஆலிஸ் அவனைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். மூன்று மாதம். அது நரகம் என்று வின்னிகாட்டே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

முதலில் அவன் இஷ்டத்துக்கு வெளியே போகவிட்டார்கள். போகும்போது கையில் ஒரு ஷில்லிங் காசும் கொடுத்தார்கள். எந்த ஸ்டேஷனில் இருந்து போன் வந்தாலும் போய்க் கூட்டி வருவார்கள். கொஞ்ச நாளில் ஓடுவது நின்றது. ஆனால் ஆத்திரம் வீட்டுக்குள் வெடிக்க ஆரம்பித்தது. வின்னிகாட் இல்லாத நேரத்தில்தான் ஆட்டம் உச்சத்துக்குப் போகும்.

அவர் அடிக்கவில்லை. கட்டுக்கடங்காமல் போகும்போது அவனைத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே விடுவார். இப்போது உன் மேல் எனக்கு வெறுப்பு வருகிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவார். வாசலில் ஒரு பெல் இருக்கும். அடங்கிய பிறகு அதை அடித்தால் கதவு திறக்கும், நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அவனும் ஒவ்வொரு முறையும் அடித்தான்.

ராத்திரி, மழை, குளிர் எதுவும் பார்க்காமல் குழந்தையை வெளியே நிறுத்துவதை இன்று யாரும் சரி என்று சொல்ல மாட்டார்கள். சொல்லவும் கூடாது. ஆனால் அந்த பெல்லைக் கவனியுங்கள். நீ எவ்வளவு உடைத்தாலும் இந்த வீடு உடையாது, பழிவாங்கவும் செய்யாது என்பதுதான் அவனுக்குக் கிடைத்த பதில்.

கெட்ட நடத்தைக்குள் நம்பிக்கையா?

1956-ல் இதைக் கோட்பாடாகவே எழுதினார். ஒருகாலத்தில் நல்லபடியாகக் கிடைத்துக்கொண்டிருந்த ஒன்று பாதியில் பறிபோனால், குழந்தை அதைத் தேடிக் கிளம்புகிறது. திருடும் குழந்தைக்கு வேண்டியது அந்தப் பொருள் இல்லை, இழந்துபோன அம்மா. உடைக்கும் குழந்தை, தன் ஆத்திரத்தைத் தாங்கும் பலமான சுற்றுப்புறத்தைத் தேடுகிறது. இப்படிப் படுத்தி எடுப்பதே அதற்கு இன்னும் நம்பிக்கை மிச்சம் இருக்கிறது என்பதற்கு அடையாளம் என்றார். கேட்க விசித்திரமாகத்தான் இருக்கும்.

அவருடைய தோழி ஒருவரின் மகன் கடையிலும் வீட்டிலும் திருடிக்கொண்டிருந்தான். நீ தேடுவது பொருளை இல்லை, அப்பா அம்மாவிடம் உனக்கு உரிமையான அன்பைத்தான் என்று அவனிடம் சொல்லிப்பாருங்கள் என்றார் வின்னிகாட். அம்மா சொன்னார், திருட்டு நின்றுவிட்டது. எல்லா வீட்டிலும் இவ்வளவு சுலபமாக நடந்துவிடாது.

இன்று டாக்டர்கள் என்ன சொல்றாங்க?

சேட்டை வேறு, கோளாறு வேறு. எதற்கெடுத்தாலும் எதிர்த்து நிற்பது, பொசுக்கென்று கோபப்படுவது ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், அது எதிர்ப்பு நடத்தைக் கோளாறா என்று பார்க்கிறார்கள். அடிதடி, விலங்குகளை வதைப்பது, தீ வைப்பது, திருட்டு எனத் தொடர்ந்தால் அது கண்டக்ட் டிஸார்டர் ஆக இருக்கலாம். காரணம் அம்மாவின் பிரிவு மட்டும் இல்லை. பிறவிக் குணம், ஏடிஹெச்டி, வீட்டில் நடக்கும் வன்முறை என்று பலதும் உண்டு. வின்னிகாட் அம்மாவை மையமாக வைத்தே யோசித்தது அவரிடம் இருந்த குறைதான். இப்போது முதலில் பரிந்துரைப்பது பெற்றோருக்கான பயிற்சி: நல்லது செய்தால் உடனே பாராட்டுவது, விதிகளைக் குறைவாக வைத்து மாற்றாமல் கடைப்பிடிப்பது, கோபத்தில் தண்டிக்காமல் இருப்பது. பிரச்னை வீடு, ஸ்கூல் இரண்டிலும் மாதக்கணக்கில் இருந்தால் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

பிபிசி வானொலியில் தாய்மார்களுக்காகப் பல வருஷம் பேசிய வின்னிகாட், 1971 ஜனவரியில் காலமானார். அவருக்குச் சொந்தக் குழந்தைகள் இல்லை.

அந்தப் பையன் என்ன ஆனான்? முழுசாகத் திருந்திவிடவில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு சீர்திருத்தப் பள்ளிக்குத்தான் போனான். ஆனால் வின்னிகாட் வீட்டோடு இருந்த உறவு மட்டும் அவன் வாழ்க்கையில் அறுபடாமல் நீடித்த சில விஷயங்களில் ஒன்றாக இருந்தது.