எல்லோரையும் ஜெயித்தவருக்கு மூன்றாம் இடம்!

1936-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி. லண்டன் வெம்பிளி மைதானத்தில் 74 ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். முதலாவது உலக "ஸ்பீட்வே" மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் இறுதிப்போட்டி அன்று நடந்தது.

அதில் ஓர் இளைஞர் 5 தடவை ஓடினார். ஐந்திலும் அவரே முதல்! ஆனால், பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் இடம் கூட இல்லை.

அந்த இளைஞர்தான் ஆஸ்திரேலிய வீரர் ஆர்தர் வில்கின்சன்.

"நீலன்"

வில்கின்சன் 1911-ல் பிறந்தார். பாதர்ஸ்ட் நகரில் வளர்ந்தார். அவருக்குச் செம்பட்டை முடி. அதனால் எல்லோரும் அவரை "புளூயி" (நீலன்) என்று அழைத்தார்கள். செம்பட்டைத் தலையரை நீலன் என்று கூப்பிடுவது ஆஸ்திரேலியர்களின் வேடிக்கையான வழக்கம்!

1929-ல், 18 வயது கூட நிறையாத பருவத்தில், இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். லண்டன் "வெஸ்ட் ஹாம்" குழுவில் சேர்ந்தார்.

"பிரேக்" கிடையாது

ஸ்பீட்வே பந்தயம் ஆபத்தானது. நீள்வட்டப் பாதையில் 4 பேர் 4 சுற்று ஓட வேண்டும். வண்டிக்குப் "பிரேக்" கிடையாது! வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டே திரும்ப வேண்டும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி. அடுத்தவர்களுக்கு 2, 1. கடைசி ஆளுக்கு ஒன்றும் இல்லை.

இறுதிப்போட்டியில் 16 வீரர்கள். ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் ஒரு தடவை மோதவேண்டும். வில்கின்சன் எல்லோரையும் தோற்கடித்து 15 புள்ளி எடுத்தார்.

பிறகு ஏன் பட்டம் கிடைக்கவில்லை?

முந்திய சுற்றுகளில் எடுத்த புள்ளிகளுக்காக, "போனஸ்" புள்ளியும் சேர்க்கப்பட்டது. வில்கின்சனின் போனஸ் 10. மொத்தம் 25. வான் பிராக் (ஆஸ்திரேலியா), லாங்டன் (இங்கிலாந்து) இருவருக்கும் தலா 26! அந்த இருவரும் பட்டத்துக்காக மீண்டும் ஓடினார்கள். இருவரையும் தோற்கடித்த வில்கின்சன், அதில் ஓட முடியாமல் ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று! வான் பிராக் வெற்றி பெற்றார்.

விதி விதிதான். ஆனாலும் இது கொடுமையான கணக்கு. 1949-ல் உலகப் பந்தயம் மறுபடியும் தொடங்கியபோது போனஸ் முறை இல்லை.

உடைந்த எலும்புடன்

1938-ல் மீண்டும் வெம்பிளி இறுதிப்போட்டி. அதற்கு முந்தைய இரவு, வேறொரு பந்தயத்தில் வில்கின்சன் கீழே விழுந்தார். தோள்பட்டை எலும்பு உடைந்தது!

சறுக்கும் வண்டியை அடக்க இரண்டு கைகளும் வேண்டுமே! தோளை இறுகக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். 4 ஓட்டங்களில் முதல், ஒன்றில் இரண்டாவது. போனசுடன் 22 புள்ளி. அமெரிக்க வீரர் ஜாக் மில்னுக்கு 21. ஒரு புள்ளியில் இழந்த உலகப் பட்டத்தை, ஒரு புள்ளியில் பெற்றார்!

ஆஸ்திரேலிய தேசிய சாம்பியன் பட்டமும் பெற்றிருந்த வில்கின்சன், புகழின் உச்சியில் இருந்தபோதே பந்தயத்தை விட்டு விலகினார். ஷெபீல்டு நகரில் ஸ்பீட்வே நிர்வாகத்தைக் கவனித்தார். பிறகு தாய்நாடு திரும்பினார்.

பிரேக் இல்லாத வண்டியில் பல ஆண்டுகள் தப்பியவருக்கு, சாதாரண சாலையில் எமன் காத்திருந்தான். 1940-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி, சிட்னியில் மோட்டார் சைக்கிளில் சென்றபோது நடந்த விபத்தில் வில்கின்சன் இறந்தார். அவருக்கு 29 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது.