பூஜ்யத்தின் கீழ் பூஜ்யம்



கணக்கு என்றாலே நமக்கெல்லாம் காய்ச்சல் வரும். அந்தக் கணக்கின் மேல் வைத்த ஆசையாலேயே இரண்டு கல்லூரிகளில் பெயிலான ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர்தான் கணிதமேதை சீனிவாச ராமானுஜன்.

நம்ம திருத்தணியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்தது 1888-இல். அதற்கு முந்தின வருஷம், 1887 டிசம்பர் 22-ஆம் தேதி, ஈரோட்டில் ராமானுஜன் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம். அப்பா ஜவுளிக்கடையில் குமாஸ்தா.

அவர் சின்ன வகுப்பில் படித்தபோது நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். மூன்று பழத்தை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒன்று. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்றுதான் என்றார் ஆசிரியர். பழமே இல்லை, ஆளும் இல்லை என்றால் அப்பவும் ஆளுக்கு ஒன்று கிடைக்குமா என்று ராமானுஜன் கேட்டாராம்.

அந்தக் கேள்விதான் நம்ம மேத்ஸ் பேப்பரில் எல்லை மதிப்பாக வந்து நிற்கிறது. மேலே எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 9, கீழே எக்ஸ் மைனஸ் 3. எக்ஸ் 3-ஐ நெருங்கும்போது மதிப்பு என்ன? நான் நேராக 3-ஐப் போட்டேன். மேலேயும் பூஜ்யம், கீழேயும் பூஜ்யம். விடை பூஜ்யம் என்று எழுதி, மார்க்கும் பூஜ்யம் வாங்கினேன்.

பூஜ்யத்தின் கீழ் பூஜ்யம் என்பது விடையே இல்லை. அது தேறப்பெறா வடிவம். மேலே உள்ளதை எக்ஸ் மைனஸ் 3, எக்ஸ் பிளஸ் 3 என்று காரணிப்படுத்தணும். எக்ஸ் 3-ஐ நெருங்குகிறதே தவிர 3 ஆகவில்லை. அதனால் எக்ஸ் மைனஸ் 3 பூஜ்யம் இல்லை, மேலேயும் கீழேயும் தைரியமாக அடிக்கலாம். மிச்சம் எக்ஸ் பிளஸ் 3. விடை 6. படிக்கட்டில் ஏறினாலும் வண்டிப் பாதையில் போனாலும் நம்ம முருகன் சன்னிதிக்கே போய்ச் சேருகிறோம் இல்லையா? அது போல 2.99 போட்டால் 5.99, 3.01 போட்டால் 6.01. இரண்டு பக்கமும் 6-க்கே போகுது.

இதே போல எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4-ஐ எக்ஸ் மைனஸ் 2-ஆல் வகுத்து, எக்ஸை 2-க்குக் கொண்டு போனால் விடை 4. முதலில் கண்ணுக்குத் தெரிந்தது அதே பூஜ்யத்தின் கீழ் பூஜ்யம்தான். உள்ளே இருந்தது வேற.

ராமானுஜன் 1904-இல் ஸ்காலர்ஷிப்போடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனசு போகவில்லை. இங்கிலீஷில் பெயில். ஸ்காலர்ஷிப் போச்சு. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை, 1907-லும் தோல்வி. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார்.

1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார். 1914-இல் கப்பல் ஏறினார். 1916-இல் ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம், 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெலோ. 1919-இல் நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல் சென்னையில் காலமானார். வயது 32.

எங்க வீட்டில் டிப்ளமோ வரைக்கும் வந்த முதல் ஆள் நான். அந்தப் பூஜ்யம் வாங்கின ராத்திரி, படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போயிடலாமா என்று யோசித்தேன். மறுநாள் விடைத்தாளை மறுபடி பார்த்தேன். எனக்குத் தெரியாமல் இருந்தது ஒரே ஒரு ஸ்டெப்.

நண்பர்களே, ராமானுஜனைக் காட்டி மற்ற பாடங்களை விட்டுவிடாதீர்கள். அதனால் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனால் பூஜ்யம் வந்தால் அங்கேயே நின்றுவிடவும் வேண்டாம். காரணிப்படுத்திப் பாருங்கள். விடை உள்ளே இருக்கும்.

— முதலாம் ஆண்டு, இயந்திரவியல்