முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (சூலை 30, 1886 – சூலை 22, 1968) தமிழ்நாட்டைச் சேர்ந்த மருத்துவர், சமூகச் சீர்திருத்தவாதி, சட்டமன்ற உறுப்பினர் ஆவார். சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகவும் அதன் துணைத் தலைவராகவும் பணியாற்றினார். தேவதாசி முறை ஒழிப்பிற்காகவும், அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆகியவற்றை நிறுவியதற்காகவும் பெரிதும் அறியப்படுகிறார். சிறுமியரைப் பாலியல் சுரண்டலிலிருந்தும் அதன் வழியாக வரும் பால்வினை நோய்களிலிருந்தும் காப்பதற்கு மருந்துடன் சட்டம், கல்வி, தங்குமிடம், தொழில் ஆகியவையும் தேவை என்பது இவரது பொதுவாழ்வின் அடிப்படைக் கருத்தாக இருந்தது.

பிறப்பும் கல்வியும்

முத்துலட்சுமி 1886 ஆம் ஆண்டு புதுக்கோட்டை சமத்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராசா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். கோயில்களில் பொட்டுக்கட்டும் வழக்கம் இருந்த குலம் அது. எனவே தாம் பின்னாளில் எதிர்த்த வழக்கத்தைப் பற்றி அவர் அயலாராக இருந்து அறிந்து கொள்ளவில்லை.

பூப்பெய்திய பெண்களைப் பள்ளிக்கு அனுப்பாத காலம் அது. முத்துலட்சுமி வீட்டிலிருந்தே படித்து 1902 ஆம் ஆண்டு மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்றார். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராசா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இடமளிக்கச் செய்தார்.

1907 ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912 இல் பட்டம் பெற்றார். சில நூல்களில் இவர் இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் எனக் குறிப்பிடப்படுகிறார். இது சரியன்று. மேரி சார்லீப் உள்ளிட்ட பெண்கள் 1875 இலேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கப்பட்டனர். ஆனந்திபாய் சோசி, காதம்பினி கங்கூலி ஆகியோரும் இவருக்கு முற்பட்டவர்கள். எழும்பூரில் உள்ள அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் உள்ளுறை மருத்துவராக முத்துலட்சுமி பணியாற்றினார்.

1914 ஆம் ஆண்டு மருத்துவர் சுந்தர ரெட்டியை 1872 ஆம் ஆண்டின் திருமணச் சட்டத்தின்படி சடங்குகளின்றி மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்னும் நிபந்தனைகளுடனேயே திருமணத்திற்கு உடன்பட்டார். 1925 இல் அரசின் உதவித்தொகையுடன் இலண்டன் சென்று செல்சி பெண்கள் மருத்துவமனையில் பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி பெற்றார். 1926 இல் பாரிசில் நடைபெற்ற உலகப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கலந்து கொண்டார்.

அக்காலத்தில் பால்வினை நோய்களும் அரசும்

மக்கள் மேகநோய் என்று வழங்கிய பால்வினை நோய்களுள் மேகப்புண்ணும் வெட்டை நோயும் அக்காலத்தில் முதன்மையானவை. மேகப்புண்ணுக்குச் சல்வர்சான் என்னும் ஆர்சனிக் மருந்து 1910 இல் நடைமுறைக்கு வந்தது. அதனை நீண்ட நாட்கள் ஊசி வழியாகச் செலுத்த வேண்டும். நச்சு விளைவுகளும் உண்டு. பென்சிலின் கொண்டு மேகப்புண்ணைக் குணப்படுத்தலாம் என்பது 1943 இல் தான் தெரிய வந்தது. அதுவரை நோய் தாயிடமிருந்து கருவிற்குச் சென்று குழந்தை இறந்தே பிறப்பது மகப்பேறு மருத்துவர்கள் அடிக்கடி கண்ட ஒன்றாகும். வெட்டை நோய் பெண்களுக்கு மலட்டுத்தன்மையையும், பிறக்கும் குழந்தைகளுக்குக் கண் பார்வை இழப்பையும் உண்டாக்கியது.

ஆங்கில அரசு இந்நோய்களைப் பெரும்பாலும் படைவீரர்களின் உடல்நலச் சிக்கலாகவே கருதியது. 1868 ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் பாலியல் தொழிலில் ஈடுபட்ட பெண்களைப் பதிவு செய்து, கட்டாய மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தி, நோயுற்றவர்களைப் பூட்டு மருத்துவமனைகளில் அடைத்து வைக்க வகை செய்தது. அவர்களிடம் சென்ற ஆண்களுக்கு எவ்விதச் சோதனையும் இல்லை. பெரும் எதிர்ப்பிற்குப் பின் அச்சட்டம் 1888 இல் நீக்கப்பட்டது. ஒரு சிறுமி அந்நிலைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தாள் என்னும் கேள்வியை அச்சட்டம் எழுப்பவில்லை. முத்துலட்சுமி அக்கேள்வியிலிருந்தே தொடங்கினார்.

சட்டசபைப் பணி

இந்திய மாதர் சங்கம் 1917 இல் அடையாற்றில் தொடங்கப்பட்டது. அதன் முன்னணி உறுப்பினர்களுள் முத்துலட்சுமியும் ஒருவர். அச்சங்கத்தின் பரிந்துரையின் பேரில் 1926 ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். உறுப்பினர்கள் அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். உலகில் சட்டமன்றம் ஒன்றின் துணைத் தலைவரான முதல் பெண் இவரே எனக் கூறப்படுகிறது.

சட்டசபையில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வசதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை, ஏழைப் பெண் குழந்தைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை கட்டணமில்லாக் கல்வி ஆகியவற்றை வலியுறுத்தினார். திருமண வயதைப் பெண்களுக்குக் குறைந்தது 16 ஆகவும் ஆண்களுக்கு 21 ஆகவும் உயர்த்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வந்தார். 1929 இல் நடுவண் சட்டமன்றம் நிறைவேற்றிய சாரதா சட்டம் பெண்களின் திருமண வயதை 14 என்று மட்டுமே வரையறுத்தது.

விபச்சார விடுதிகளை ஒடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1930 இல் நிறைவேறியது. விடுதி நடத்துவோரையும் தரகர்களையும் தண்டிப்பதுடன், மீட்கப்படும் சிறுமியரைக் காப்பில்லங்களில் ஒப்படைக்கவும் அச்சட்டம் வழி செய்தது. இதற்கும் முத்துலட்சுமி ஆதரவாகப் பணியாற்றினார். காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அவ்வாண்டே பதவி விலகினார்.

தேவதாசி முறை ஒழிப்பு

பொட்டுக்கட்டுதல் பெரும்பாலும் சிறுமி பூப்பெய்துவதற்கு முன்பே நடந்தது. அதன்பின் அவள் யாரையும் மணந்து கொள்ள இயலாது. பூப்பெய்திய சில காலத்திற்குள் செல்வர் ஒருவரின் ஆதரவில் வாழ வேண்டியிருந்தது. பதினெட்டு வயதிற்குட்பட்ட பெண்ணை விபச்சாரத்திற்காக ஒப்படைப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373 ஆம் பிரிவுகளின்படி குற்றமாக இருந்தது. 16 ஆக இருந்த இவ்வயது 1924 இல் 18 ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும் ஒப்படைத்தவரின் உள்நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்ததால், கோயிற் சடங்கு என்ற பெயரில் நடந்த பொட்டுக்கட்டுதலுக்கு எதிராக அப்பிரிவுகள் அதிகம் பயன்படவில்லை.

1927 ஆம் ஆண்டு நவம்பரில், சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கச் சட்டம் இயற்ற வேண்டும் என்னும் தீர்மானத்தை முத்துலட்சுமி கொண்டு வந்தார். சட்டசபை அதனை ஏற்றது. அடுத்த கட்டமாக 1929 இல் இந்து அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. கோயிற் பணியுடன் பிணைக்கப்பட்டிருந்த மானிய நிலங்கள் இத்திருத்தத்தின் மூலம் தேவதாசிகளுக்கே உரிமையாக்கப்பட்டன. நிலத்தைத் தக்க வைத்துக் கொள்வதற்காக அடுத்த தலைமுறைச் சிறுமிக்குப் பொட்டுக்கட்ட வேண்டிய கட்டாயம் இவ்வாறு நீக்கப்பட்டது. வழக்கத்தின் பொருளாதார வேரை அறுத்ததால் இத்திருத்தம் முதன்மையானதாகும்.

பொட்டுக்கட்டுதலையே குற்றமாக்கும் சட்டமுன்வரைவு 1930 இல் முன்வைக்கப்பட்டது. அது சட்டமாவதற்கு 17 ஆண்டுகள் ஆயின. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது 1947 ஆம் ஆண்டு சென்னை தேவதாசிகள் சட்டம் நிறைவேறியது. சட்டசபைக்கு வெளியே பெரியார், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஆகியோர் இம்முறைக்கு எதிராகப் பரப்புரை செய்தனர்.

எதிர்ப்பும் திறனாய்வும்

சத்தியமூர்த்தி போன்ற அரசியல் தலைவர்கள் மரபின் பெயரால் இம்முயற்சியை எதிர்த்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிகளும் சங்கம் அமைத்து அரசுக்கு மனு அளித்தனர். தங்கள் குலத்தையே விபச்சாரத்துடன் சேர்த்துப் பேசுவதையும், தலைமுறைகளாகக் காத்து வந்த இசை, நடனக் கலைகளும் சொத்துரிமையும் பறிபோவதையும் அவர்கள் சுட்டிக் காட்டினர்.

பிற்கால வரலாற்றாய்வாளர்களும் இச்சீர்திருத்தத்தைக் கேள்விக்கு உட்படுத்தியுள்ளனர். பால்வினை நோய்களைப் பற்றிய அக்காலப் பேச்சு, நோய்க்கு ஆளான பெண்களையே நோயைப் பரப்புவோராகக் காட்டியது என்பதும், வாழ்வாதாரத்தை இழந்த மூத்த பெண்களுக்குப் போதிய மாற்று வழி செய்யப்படவில்லை என்பதும் அவர்கள் கூறும் குறைகள். முத்துலட்சுமியின் எழுத்துகளிலும் அக்கால ஒழுக்க நெறிப் பார்வை காணப்படுகிறது. எனினும் சிறுமியரின் வயதையும் விருப்பத்தையும் முன்னிறுத்திய அவரது வாதத்தின் வலிமையை இத்திறனாய்வுகள் குறைத்து விடவில்லை.

அவ்வை இல்லம்

பொட்டுக்கட்டுதலிலிருந்து தப்பி வந்த சிறுமியர் சிலர் 1930 இல் முத்துலட்சுமியின் வீட்டிற்கு வந்து சேர்ந்தனர். அவர்களைச் சேர்த்துக் கொள்ளச் சென்னையில் இருந்த மாணவியர் விடுதிகள் மறுத்தன. எனவே தம் வீட்டிலேயே அவர்களைத் தங்க வைத்தார். இதுவே 1931 இல் அவ்வை இல்லமாக உருப்பெற்றது. பின்னர் ஆதரவற்ற பிற சிறுமியரும் சாதி, மத வேறுபாடின்றிச் சேர்க்கப்பட்டனர்.

இங்கு வளர்ந்த பெண்கள் ஆசிரியர், செவிலியர் போன்ற பணிகளுக்குப் பயிற்சி பெற்றனர். தாய்மார் இறப்பும் குழந்தை இறப்பும் மிகுந்திருந்த காலத்தில் பயிற்சி பெற்ற செவிலியரின் தேவை பெரிதாக இருந்தது. இளம்பெண் ஒருத்திக்குத் தன் சொந்த வருவாய் கிடைக்கும்போதுதான் அவள் பழைய நிலைக்குத் திரும்பாமல் இருக்க முடியும் என்பதை இவ்வில்லம் நடைமுறையில் காட்டியது.

அண்டை அரசுகளும் ஓசூர் எல்லையும்

மைசூர் அரசு தன் கட்டுப்பாட்டில் இருந்த கோயில்களில் தேவதாசி முறையை 1909 ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. சென்னை மாகாணத்திலும் தடை வேண்டும் என்று கோரியவர்களுக்கு இது ஒரு முன்மாதிரியாக அமைந்தது. அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த ஓசூர் வட்டம் மைசூர் அரசின் எல்லையை ஒட்டியது. இதனால் எல்லைக்கு அப்பால் 1909 முதல் தடை இருக்க, ஓசூர்ப் பக்கத்தில் சட்டப்படியான முழுத் தடை 1947 இல் தான் வந்தது. ஒரு மாகாணத்தின் சட்டம் அதன் எல்லையோடு நின்று விடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும். இன்றைய கர்நாடக மாநிலம் முழுமைக்குமான தடைச் சட்டம் 1982 இல் இயற்றப்பட்டது.

புற்றுநோய் மருத்துவமனை

முத்துலட்சுமியின் தங்கை 1923 இல் புற்றுநோயால் இறந்தார். அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைக்கும் முயற்சி 1954 இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டதில் நிறைவடைந்தது. அவரது மகன் மருத்துவர் கிருட்டிணமூர்த்தி அதனை வளர்த்தெடுத்தார்.

இம்மருத்துவமனை நடத்தும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோயே நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது. இப்புற்றுநோய்க்குப் பாலுறவு வழியாகத் தொற்றும் எச்.பி.வி. என்னும் தீநுண்மியே காரணம் என்பது 1980களில் அறியப்பட்டது. இதற்கான தடுப்பூசி 2006 முதல் பயன்பாட்டில் உள்ளது. 9 முதல் 14 வயது வரையுள்ள சிறுமியருக்கு அதனைப் போடுமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தமிழ்நாடு அரசு 14 வயதுச் சிறுமியருக்கு இத்தடுப்பூசி வழங்கும் திட்டத்தை 2025 ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது.

இறுதிக் காலம்

1956 இல் இந்திய அரசு முத்துலட்சுமிக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது. தமது சட்டசபை அனுபவங்களை 1930 இலும், தன்வரலாற்றை 1964 இலும் ஆங்கிலத்தில் நூல்களாக வெளியிட்டார். 1968 ஆம் ஆண்டு சூலை 22 ஆம் நாள் தமது 81 ஆம் வயதில் சென்னையில் காலமானார்.

மறைவிற்குப் பின்

1986 இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது சென்னையில் தான். மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும், பாலியல் தொழிலில் ஈடுபட்டதாகக் காப்பில்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்கள் உள்ளிட்டோரிடமிருந்து எடுத்த குருதியை ஆய்வு செய்து இதனை வெளிப்படுத்தினர். இதனைத் தொடர்ந்து 1994 இல் தமிழ்நாடு மாநில எய்ட்சு கட்டுப்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டது. நெடுஞ்சாலைகளில் சரக்குந்து ஓட்டுநர்களிடையே விழிப்புணர்வுப் பணிகளும் தொடங்கின.

ஏழைக் கருவுற்ற பெண்களுக்கான தமிழ்நாடு அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் அழைக்கப்படுகிறது. கிராம சுகாதார செவிலியர் இத்திட்டத்திற்கான பதிவைச் செய்கின்றனர். கருவுற்றோருக்குச் செய்யப்படும் சோதனைகளில் எச்.ஐ.வி., மேகப்புண் ஆகியவற்றுக்கான குருதிச் சோதனைகளும் அடங்கும். மேகப்புண் உரிய காலத்தில் கண்டறியப்பட்டால் பென்சிலின் ஊசி மூலம் தாயையும் குழந்தையையும் காக்க முடிகிறது. எச்.ஐ.வி. தொற்று இருந்தாலும் கூட்டு மருந்துகளின் மூலம் அது குழந்தைக்குப் பரவுவதைப் பெருமளவு தடுக்கலாம்.

2004 முதல் கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ள ஓசூர் இன்று ஒரு தொழில் நகரமாகும். பெங்களூர் நெடுஞ்சாலையில் அமைந்த இந்நகரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் வெளியூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள் பலர் விடுதிகளில் தங்கிப் பணிபுரிகின்றனர். அதே மாவட்டத்தின் மலையோர ஊர்களில் குழந்தைத் திருமணங்களும் இன்னும் முற்றாக ஒழியவில்லை. வளரிளம் பருவத்தில் மணமாகும் பெண்ணுக்குப் பாதுகாப்பற்ற உறவை மறுக்கும் வாய்ப்போ, நோய்க்குறி தோன்றினால் வெளியில் சொல்லும் துணிவோ பெரும்பாலும் இருப்பதில்லை. அத்தகைய பெண்ணின் வீட்டு வாசலுக்கு முதலில் சென்று சேரும் மருத்துவப் பணியாளர் கிராம சுகாதார செவிலியரே ஆவார். திருமணத்திற்கு முன்பே அவளைச் சென்றடைவதும், பள்ளியில் தொடர்ந்து படிக்கச் செய்வதும் தடுப்புப் பணியின் பகுதிகளாக இன்று கருதப்படுகின்றன. 1927 இல் முத்துலட்சுமி சட்டசபையில் முன்வைத்த வழியும் இதுவேயாகும்.