பொம்மை செய்த பொறியாளர்

ஜப்பான் நாட்டின் பழைய தலைநகரமாகிய கியோத்தோவில் 1889ஆம் ஆண்டு முதல் நிண்டெண்டோ என்னும் நிறுவனம் சீட்டு அட்டைகளைச் செய்து விற்றுவந்தது. பூக்களும் பறவைகளும் தீட்டப்பட்ட அவ்வட்டைகளுக்கு ஹனஃபுதா என்று பெயர். அந்நிறுவனத்தில் 1965ஆம் ஆண்டு குன்பெய் யொகோய் என்னும் இளைஞர் பணியில் சேர்ந்தார். அவர் 1941ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் அதே நகரில் பிறந்தவர். டோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் பயின்றவர். அட்டை செய்யும் இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பேணுவதே அவருக்கு இடப்பட்ட வேலை. பட்டம் பெற்ற பொறியாளருக்கு அது பெரிய வேலையன்று. இயந்திரங்கள் ஒழுங்காக ஓடினால் அவருக்குப் பொழுது மிஞ்சியது.

அந்த மிச்சப் பொழுதில் யொகோய் தம் மனம் போன போக்கில் எதையாவது செய்துகொண்டிருப்பார். ஒருமுறை குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்களைப் பிணைத்து, நீட்டவும் மடக்கவும் கூடிய கை ஒன்றைச் செய்தார். கடைவாசலில் காணப்படும் மடிப்பு இரும்புக் கதவு விரிவதைப் போலவே அக்கை விரியும். தொலைவில் இருக்கும் பொருளைப் பற்றியெடுக்கும். அதை வைத்து அவர் விளையாடிக்கொண்டிருந்ததை நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி கண்டுவிட்டார். தலைவரின் அறைக்கு அழைப்பு வந்தபோது, வேலை நேரத்தில் விளையாடியதற்குத் தண்டனை கிடைக்கப்போகிறது என்றே யொகோய் எண்ணினார். யமாவுச்சியோ அக்கையை விற்பனைக்குரிய பொம்மையாக்கித் தருமாறு பணித்தார். 1966இல் வெளிவந்த அந்த ‘அல்ட்ரா ஹேண்ட்’ பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. பழுது பார்ப்பவர் பொம்மை படைப்பவரானார்.

அடுத்து வந்த ஆண்டுகள் ஏற்றமும் இறக்கமும் கலந்தவை. சூரிய ஒளியை உணரும் சிறு மின்கலங்களைக் கொண்டு ஒளித் துப்பாக்கி பொம்மை ஒன்றை அவர் உருவாக்கினார். அக்கலங்களை விற்க ஷார்ப் நிறுவனத்திலிருந்து வந்த மசாயுக்கி உவெமுரா பின்னர் நிண்டெண்டோவிலேயே சேர்ந்துவிட்டார். 1973ஆம் ஆண்டு, வெறிச்சோடிக் கிடந்த பந்துருட்டுக் கூடங்களை ஒளித் துப்பாக்கிச் சுடுகளங்களாக மாற்றும் பெருந்திட்டம் தொடங்கியது. அவ்வாண்டின் இறுதியில் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியது. வந்த கோரிக்கைகள் எல்லாம் ரத்தாயின. நிறுவனம் கடனில் மூழ்கியது.

இந்தக் கடன்காலத்தின் முடிவில்தான் யொகோயின் சிறந்த எண்ணம் பிறந்தது. அதிவிரைவுத் தொடர்வண்டியில் பயணம் செய்துகொண்டிருந்த ஒருவர், பொழுது போகாமல் தம் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்தி விளையாடிக்கொண்டிருந்ததை யொகோய் கவனித்தார். பெரியவர்களும் பிறர் அறியாமல் கைக்குள் வைத்து விளையாட ஒரு சிறு கருவி இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. பிறகு ஒருநாள், தலைவரின் காரோட்டி விடுப்பில் இருந்ததால் அப்பெரிய வெளிநாட்டுக் காரை ஓட்டும் பொறுப்பு யொகோய்க்கு வந்தது. வழியில் பேச்சுவாக்கில் தம் எண்ணத்தை அவர் தலைவரிடம் சொன்னார். யமாவுச்சி கேட்டுக்கொண்டாரே தவிர மறுமொழி ஏதும் கூறவில்லை. ஆயினும் அன்று சென்ற கூட்டத்தில் தம் அருகில் அமர்ந்திருந்த ஷார்ப் நிறுவனத் தலைவரிடம் அவர் இதைப் பற்றிப் பேசினார். சில நாள்களில் ஷார்ப் நிறுவனத்தார் யொகோயைத் தேடி வந்தனர்.

அவர்கள் வந்ததற்குக் காரணம் இருந்தது. கால்குலேட்டர் விற்பனையில் நிறுவனங்களிடையே கடும்போட்டி நிலவிய காலம் அது. அப்போட்டியால் நீர்மப் படிகத் திரைகளும் சில்லுகளும் விலை மலிந்து கிடந்தன. அம்மலிந்த பொருள்களைக் கொண்டே 1980இல் ‘கேம் அண்டு வாட்ச்’ வெளிவந்தது. உள்ளங்கை அளவுள்ள அக்கருவியில் ஒரே ஒரு விளையாட்டு இருக்கும். விளையாடாத வேளையில் அது கடிகாரமாக மணி காட்டும். வெவ்வேறு விளையாட்டுகளுடன் தொடர்ந்து வந்த அக்கருவிகள் மொத்தம் 4 கோடியே 34 இலட்சம் விற்றன. கடன் தீர்ந்தது.

யொகோயின் வழி இதுவே. புத்தம் புதிய தொழில்நுட்பத்தை நாடி அவர் ஓடவில்லை. பலரும் பயன்படுத்திப் பழகி, குறை நிறைகள் தெரிந்து, விலையும் குறைந்துபோன ஒன்றை எடுத்து, எவரும் எண்ணாத இடத்தில் அதைப் பயன்படுத்துவார். அத்தகைய தொழில்நுட்பத்தை உலர்ந்தது என்றே அவர் குறிப்பிட்டார். முதல்நாள் மிஞ்சிய இட்டலியை உதிர்த்துத் தாளித்து மறுநாள் புதிய பலகாரமாகப் பரிமாறும் கைத்திறனை ஒத்தது இது.

1982இல் ‘டான்கி காங்’ விளையாட்டைக் கையடக்கக் கருவிக்கு மாற்றியபோது ஒரு சிக்கல் எழுந்தது. குரங்கின் பிடியிலிருக்கும் பெண்ணை மீட்க ஓடும் வீரன் நாற்றிசையும் நகர வேண்டும். நிமிர்ந்து நிற்கும் பிடியைப் பொருத்தினாலோ கருவி சட்டைப்பையில் அடங்காது. யொகோய் கூட்டற்குறி வடிவில் தட்டையான ஒரே பொத்தானை அமைத்தார். கண் திரையில் இருக்க, கட்டைவிரல் தடவியே திசையை அறிந்துகொண்டது. மறு ஆண்டு, அதாவது 1983 ஜூலை 15ஆம் நாள், உவெமுரா தலைமையில் உருவான ‘ஃபேமிகாம்’ ஜப்பானில் 14,800 யென் விலைக்கு வெளிவந்தது. தொலைக்காட்சியோடு இணைத்து வீட்டிலேயே ஆடும் கருவி அது. தரையில் அமர்ந்து ஆடும் குழந்தைகள் நிமிர்ந்த பிடியை மிதித்து உடைத்துவிடலாம் அல்லவா? ஆகவே அதிலும் யொகோயின் கூட்டற்குறிப் பொத்தானே இடம்பெற்றது. இன்று உலகெங்கும் விற்கும் விளையாட்டுக் கருவிகளின் இடப்பக்கத்தில் கட்டைவிரலால் தடவிப் பார்த்தால் அப்பொத்தான் தட்டுப்படும்.

ஃபேமிகாமை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றபோது, முன்பு நட்டமடைந்திருந்த கடைக்காரர்கள் வீடியோ விளையாட்டு என்ற பெயரையே வெறுத்தனர். யொகோய் குழுவினர் அதனுடன் சேர்ந்து ஆடும் சிறு எந்திர மனிதன் ஒன்றைச் செய்து தந்தனர். பொம்மை என்று எண்ணிக் கடைகள் அதற்கு இடம் தந்தன. மரியோவைப் படைத்த ஷிகெரு மியாமொத்தோ இளையவராக இருந்தபோது அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவரும் யொகோயே.

1989 ஏப்ரல் 21ஆம் நாள் ‘கேம் பாய்’ வெளிவந்தது. யொகோயும் சடோரு ஒகாடா முதலிய பொறியாளர்களும் சேர்ந்து அதை உருவாக்கினர். அதன் திரையில் வண்ணம் இல்லை. பாசிப்பயறு நிறத்தில் நான்கு சாயல்களே தெரிந்தன. போட்டி நிறுவனங்கள் வண்ணத் திரையுடன் கருவிகளைக் கொண்டுவந்தன. ஆனால் அவை ஆறு பென்சில் மின்கலங்களைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தன. கேம் பாயோ நான்கு மின்கலங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது, விலையும் குறைவு, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. கைச்செலவுக் காசில் மின்கலம் வாங்கும் சிறுவனுக்கு எது வேண்டும் என்பதை யொகோய் அறிந்திருந்தார். பின்னர் வந்த வண்ணக் கேம் பாயையும் சேர்த்து அது 11 கோடியே 86 இலட்சம் விற்றது.

இத்தகைய வெற்றியாளரையும் தோல்வி தேடி வந்தது. 1995இல் அவர் படைத்த ‘வெர்ச்சுவல் பாய்’, இரு கண்களுக்கும் வெவ்வேறு படங்களைக் காட்டி ஆழத்தை உணரச் செய்யும் கருவி. செலவைக் குறைக்கச் சிவப்பு ஒளி மட்டுமே அதில் பயன்படுத்தப்பட்டது. மேசை மீது நிறுத்தி முகத்தை அதனுள் புதைத்தே ஆட வேண்டும். அருகில் அமர்ந்தவருக்கு எதுவும் தெரியாது, ஆடியவருக்கோ கண் வலித்தது, தலையும் நொந்தது. எட்டு இலட்சம்கூட விற்காமல், ஓராண்டுக்குள் விற்பனை நின்றது. மலிந்த பொருளைப் புதிய இடத்தில் வைக்கும் அவருடைய வழி இங்கு அவருக்குக் கைகொடுக்கவில்லை. கருவியும் முழுமை பெறும் முன்பே கடைக்கு வந்துவிட்டது.

1996 ஆகஸ்டு 15ஆம் நாள், 31 ஆண்டுகள் உழைத்த நிறுவனத்திலிருந்து யொகோய் விலகினார். தோல்வியால் விரட்டப்பட்டார் என்று செய்தித்தாள்கள் எழுதின. தனியே தொழில் தொடங்கும் எண்ணம் தமக்கு முன்பே இருந்தது என்று அவர் விளக்கினார். விலகுவதற்குச் சிறிது முன்பு, மெலிந்த வடிவில் ‘கேம் பாய் பாக்கெட்’ வெளிவந்திருந்தது. வெறுங்கையோடு அவர் புறப்படவில்லை. கியோத்தோவில் ‘கோத்தோ’ என்னும் சிறு ஆய்வகத்தை அமைத்தார். பாண்டாய் என்னும் பொம்மை நிறுவனத்துக்காகப் புதியதொரு கையடக்கக் கருவியை வடிவமைக்கத் தொடங்கினார். ஐம்பத்தைந்து வயதில் மீண்டும் ஒரு முதல் நாள்!

1997 அக்டோபர் 4ஆம் நாள் இஷிகாவா மாநில நெடுஞ்சாலையில் அவர் சென்ற கார் முன்சென்ற சரக்குந்தின் மீது மோதியது. சேதத்தைப் பார்க்க இறங்கி நின்ற யொகோய் மீது பின்னால் வந்த மற்றொரு கார் மோதியது. அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 56.

அவர் தொடங்கிய கருவி 1999 மார்ச்சு மாதம் ‘வொண்டர்ஸ்வான்’ என்னும் பெயரில் வெளிவந்தது. அதன் திரையிலும் வண்ணம் இல்லை. அதை இயக்க ஒரே ஒரு பென்சில் மின்கலம் போதும். கோடுகளை இணைத்து ஆடும் புதிர் விளையாட்டு ஒன்றும் அதனுடன் வெளியாயிற்று. அதற்கு அவருடைய தோழர்கள் இட்ட பெயர் ‘குன்பெய்’.