மண்புழுத் தசையும் கொல்லிமலை மருத்துவரும்

நான்கு விரல்களையும் நேராக நீட்டியவாறே அடிமூட்டில் மட்டும் மடக்கிப் பார்ப்போம். தட்டின் விளிம்பைப் பிடிக்கும்போது நம் கை இப்படித்தான் நிற்கிறது. இதற்கு உதவும் சிறு தசைகள் கைக்கு நான்கு. உடற்கூற்றியலில் அவற்றிற்கு 'லும்பிரிகல்' என்று பெயர். இலத்தீனில் 'லும்பிரிகஸ்' என்றால் மண்புழு! மெலிந்து, உருண்டு, நீண்டிருப்பதால் வந்த பெயர். நம் பாட்டிமார் திருப்பலியில் கேட்ட அதே இலத்தீன்தான். மண்புழுவுக்கும் அதில் இடமுண்டு.

இத்தசை செயலிழந்த கைகளுக்காக உழைத்த டாக்டர் பால் பிராண்ட், 1914 ஜூலை 17 அன்று நம் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஜெஸ்ஸி, ஈவ்லின் இருவரும் ஆங்கிலேய மறைப்பணியாளர்கள். தந்தை, நோயாளியின் காலிலிருந்து நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி மெல்ல இழுத்தெடுப்பதைச் சிறுவன் பால் பார்த்ததுண்டு. புண்ணும் சீழும் கண்டு அருவருத்து, மருத்துவமே வேண்டாம் என்றிருந்தான். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து சென்றான். 1929இல் தந்தை இம்மலையிலேயே காய்ச்சலால் இறந்தார். தச்சும் கட்டட வேலையும் கற்ற பின்னரே பால் மனம் மாறி, லண்டனில் மருத்துவம் பயின்றார்.

1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தில், பறவை நகம்போல் வளைந்த கைகளைக் கண்டார். தொழுநோயாளரின் சதை அழுகிவிடும் என்றே அந்நாளில் பலரும் நம்பினர். ஆனால் அவர் ஒரு நோயாளியின் கையைப் பற்றியபோது, அந்தப் பிடி வலிக்குமளவு இறுகியது! முன்கைத் தசைகள் நலமாகவே இருந்தன. நரம்பு பழுதுற்றதால் மண்புழுத் தசை போன்ற உள்ளங்கைச் சிறு தசைகளே செயலிழந்திருந்தன. எனவே உயிருள்ள முன்கைத் தசையொன்றின் நாணை எடுத்து, மண்புழுத் தசை ஓடும் வழியாகவே செலுத்தி, விரல்களில் தைத்தார். அந்தத் தசையைப் புது வேலைக்குப் பழக்கப் பல வாரப் பயிற்சி வேண்டியிருந்தது. விரல்கள் விரிந்தன. 1960இல் லாஸ்கர் விருது பெற்ற அவர், 2003இல் அமெரிக்காவில் மறைந்தார்.

நமக்கு அந்த விருதைவிட வேறொன்றே பெரிதாகத் தோன்றுகிறது. குணமான சிலர் குறையோடு அவரிடம் திரும்பி வந்தனர். கை நேரானதால் பிச்சை விழவில்லை. தொழுநோயாளர் என்பதால் வேலையும் எவரும் தரவில்லை. அவர்களுக்காக வேலூரில் குடிசைகளும் ஒரு பட்டறையும் அமைத்தார். இளமையில் கற்ற தச்சு அங்கே உதவியது. மரப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். விரல் நீண்டாலும் உணர்ச்சி திரும்பவில்லை. ஆகவே நாள்தோறும் வேலை முடிந்ததும், சுத்தியல் பிடித்த கைகளில் கொப்புளம் உண்டா என்று பார்க்க வேண்டியிருந்தது.