ஓலையும் கல்லும் அச்சும் கற்ற கவிமணி

வட்டக்கோட்டையிலிருந்து வடமேற்கே சென்றால், சுசீந்திரத்தை அடுத்து வயலும் குளமும் சூழ்ந்த தேரூர் வரும். அவ்வூரில் 1876 ஜூலை 27 அன்று சிவதாணுப் பிள்ளைக்கும் ஆதிலட்சுமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தவர் தேசிகவிநாயகம் பிள்ளை. கவிமணி என்றதும் குழந்தைப் பாடல்கள் நினைவுக்கு வருவது இயல்பே. அப்பாடல்களின் எளிமையை வைத்து, அவருடைய கல்வியையும் எளியது என்று எண்ணிவிடுவோர் உளர். ஒருவரைக் கற்றவர் என்று கொள்ள அந்நாளைய நாஞ்சில் நாட்டில் பல அளவுகோல்கள் வழங்கின. கவிமணி அவை அனைத்துக்கும் ஈடுகொடுத்தவர் என்பது பலர் கவனத்துக்கு வராமலே போயிற்று.

நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. வீட்டில் பேசுவது தமிழ். அரசின் மொழி மலையாளம். ஆகவே பள்ளியில் தேசிகவிநாயகம் முதலில் கற்ற எழுத்து மலையாள எழுத்தே. தாய்மொழியின் எழுத்தைக் கற்க அவர் தேரூரை அடுத்த வாணன்திட்டில் இருந்த மடத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்த அம்மடத்தில் சாந்தலிங்கத் தம்பிரான் அவருக்குத் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தார். ஒன்பதாம் வயதில் தந்தையை இழந்த சிறுவனுக்கு அந்தத் தம்பிரான் வாய்த்தது தமிழின் நற்பேறு. பின்னர்க் கோட்டாற்றுப் பள்ளியில் ஆங்கிலம் வந்தது. அரசு அலுவலுக்கு மலையாளமும் ஆங்கிலமும் போதும். தமிழ் அறியாதிருந்தாலும் படித்தவர் என்ற பெயருக்கு அன்று குறைவில்லை.

நான்காவதாக அவர் தாமே தேடிக் கற்றது வட்டெழுத்து. வட்டக்கோட்டை மதிலில் செதுக்கிய மீனைக் கண்டால் பாண்டியர் சின்னம் என்று எழுத்தறியாதவரும் சொல்லிவிடுவர். கோயிற்சுவரில் உள்ள வட்டெழுத்து அப்படியன்று. ஒருகாலத்தில் ஊர்ச்சபையும் கோயில் கணக்கரும் படித்த எழுத்து அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டம் பெற்றவருக்கும் அது வெறும் கீறலாகத் தோன்றியது. கல் அப்படியே இருக்க, படிப்பவர் மறைந்து போனார். கவிமணி ஊர் ஊராகச் சென்று அக்கல்வெட்டுகளைப் படித்தார். ஆங்கிலத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார். இராசராசன் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை பற்றி ஒரு நூலே செய்தார். அந்தச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு, கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் இம்மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலை நிறுவியதைச் செப்பேடு கூறுகிறது. அங்கே 95 மாணவர்க்கு இடம் உண்டு. அவ்விடங்கள் வேத சாகைவாரியாகப் பகுக்கப்பட்டிருந்தன. வியாகரணமும் மீமாம்சையும் புரோகிதமும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். கற்றவன் யார் என்பதை ஓர் அரசன் செம்பில் வரையறுத்துவிட்டான். அவ்வரையறைக்குள் உழவர்க்கும் வலைஞர்க்கும் இடமில்லை.

ஓலைகளிலும் இதே நிலைதான். அழகியபாண்டியபுரத்து முதலியார் குடும்பத்தில் இருந்த பழைய ஓலைகளின் அருமையை உணர்ந்து படியெடுத்தவர் கவிமணி. வரி, நிலம், நீர்ப் பங்கீடு, ஊர் வழக்கு என நாஞ்சில் நாட்டின் வாழ்வு முழுதும் அவற்றில் உண்டு. மனிதரை மனிதர் விலைக்கு விற்ற அடிமை ஓலைகளும் அக்கட்டில் உண்டு. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் எழுத்து காவலாக நின்றது. தன் பெயரும் விலையும் எழுதப்பட்ட ஓலையை, விற்கப்பட்டவரோ படிக்க இயலாது. 1855இல் திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது; அதன்பின் 21 ஆண்டுகள் கழித்தே கவிமணி பிறந்தார். அவர் இளமையில், அந்த ஓலைக்குரியோரின் மக்கள் அதே வயல்களில் உழைத்துக்கொண்டிருந்தனர்.

ஆவண எழுத்தால் அழிந்த வேறு வீடுகளும் இருந்தன. அவை அவருடைய சொந்தச் சமூகத்தின் வீடுகள். நாஞ்சில் நாட்டு வேளாளரிடை மருமக்கள் வழி வழங்கியது. சொத்து மகனுக்குச் செல்லாது, மருமகனுக்குச் செல்லும். வழக்கு மன்றம் ஏறிய குடும்பங்கள் பல. கணவன் இறந்ததும் மனைவியும் மக்களும் வெறுங்கையோடு நின்றனர். அப்பெண்களுக்குப் பத்திரம் படிக்கத் தெரியாது. கவிமணி எழுதிய ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ அத்தகைய ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்தது. அவள் ஐந்தாம் மனைவி. நடை அகவல், மொழியோ அடுக்களையிலும் முற்றத்திலும் வழங்கும் மொழி. நகைக்க வைத்து நெஞ்சைச் சுடும் நூல் அது. ‘தமிழன்’ இதழில் தொடராக வந்தது, 1942இல் நூலாயிற்று. நாகர்கோவிலில் 1820களிலேயே பாதிரிமார் அச்சகம் இயங்கியதுண்டு. எனினும் அச்செழுத்து அவ்வீட்டுப் பெண்களின் வழக்கைப் பேசியது இந்நூலில்தான். ஓர் இதழை ஒருவர் உரக்கப் படித்தால் வீடே கேட்கலாம்; கேட்டவருக்குக் கையெழுத்துப் போடத் தெரிய வேண்டியதில்லை. 1926இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து மக்களின் உரிமையை ஏற்றது. அச்சட்டத்துக்குப் பலர் உழைத்தனர். ஒரு கவிதையின் பங்கும் அதில் மறுக்கவியலாதது.

ஆசிரியப் பணியில் 36 ஆண்டுகள் கழிந்தன. கோட்டாற்றிலும் நாகர்கோவிலிலும், பின்னர்த் திருவனந்தபுரம் மகாராஜா மகளிர் கல்லூரியிலும் பணியாற்றி 1931இல் ஓய்வு பெற்றார். ‘மலரும் மாலையும்’, ‘ஆசிய ஜோதி’, உமர் கய்யாம் பாடல்கள் ஆகியன பற்றிக் கவிஞர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1940இல் சென்னையில் கவிமணி என்னும் பட்டம் வழங்கப்பெற்றது. குழந்தைப் பாடல்களைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லலாம். வட்டெழுத்துவரை கற்றவர், எழுத்தே அறியாத குழந்தைக்காக எழுதினார். தாய் பாட, குழந்தை கேட்டு மனத்தில் பதித்துக்கொள்ளும்; பின்னர்ப் பள்ளியில் அதே சொற்களை ஏட்டில் காணும்போது அவை புதியனவாக இரா. எழுத்துக்கு முன்னே செவி கற்க வேண்டும் என்ற இந்த நுட்பம் வகுப்பறையில் வாழ்ந்தவருக்கே கைவரும்.

இறுதி ஆண்டுகளை மனைவி உமையம்மையின் ஊராகிய புத்தேரியில் கழித்து, 1954 செப்டம்பர் 26 அன்று மறைந்தார். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. தேரூர்ப் பிள்ளைகளின் கைக்குத் தமிழகத்துப் பாடநூல்கள் வந்தன. கவிமணியின் பாடல்களும் அவற்றில் இடம்பெற்றன.